ராசு கட்டிய பெல்ட்

ஜனவரி 4, 1972

காலையில் நல்ல பனி. தொண்டை கரகரப்பு. பழைய சாமான் கடை பாய் ஆள் அனுப்பியிருந்தார். கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டைப் பிரித்ததில் வெள்ளைக்கார ஆபீசர் பெல்ட், துப்பாக்கி உறையோடு. போகவில்லை. மகன் ராசு போரில் போய்விட்டான் என்று போன மாதம் தந்தி வந்ததிலிருந்து நான் சேர்த்து வைத்திருக்கிற பழைய பெல்ட் எதையும் தொடவில்லை.

மத்தியானம் பாயே கொண்டுவந்துவிட்டார். "ஆசாரியாரே, வாங்க வேணாம். சும்மா கையில வச்சுப் பாருங்க. மனசு கொஞ்சம் ஆறும்ல." நல்ல மனுஷன். பார்த்தேன். பித்தளைக் கொக்கியில் பச்சை. நுனி ஓட்டைதான் இழுபட்டிருந்தது. கட்டினவன் தொந்திக்காரன். முன்பெல்லாம் இப்படி ஏதாவது சொன்னால் ராசு விழுந்து விழுந்து சிரிப்பான். "யப்பா, அந்தத் தொரை என்ன சாப்புட்டாருன்னும் சொல்லு!"

திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 6

வாங்க: தைலம், ரம்பத்துக்கு அரம், தாழ்ப்பாள் ஆணி.

தெருவெல்லாம் வெள்ளையடிப்பு. எங்களுக்கு இந்த வருஷம் பொங்கல் கிடையாது. வீட்டுக்காரி விசாலம் ஆத்தங்குடியில் அவள் அண்ணன் வீட்டில். இங்கேயே கிடந்தால் அழுதே செத்துப்போவாள் என்று கூட்டிப்போனார்கள். நாளைக்கு வருகிறாள்.

ரயில் ஸ்டேஷனிலிருந்து ஆள். "பட்டாளத்துலருந்து உங்க பேருக்குப் பொட்டி வந்திருக்குண்ணே." மாட்டுவண்டியில் ஏற்றிவந்தேன். தகரப் பெட்டி. மேலே அவன் பெயர், வெள்ளைப் பெயிண்டில். விசாலம் வந்ததும் சேர்ந்து திறக்க வேண்டும்.

ஜனவரி 7

பொறுக்கவில்லை. விடிந்ததும் திறந்துவிட்டேன். சட்டைகள், வேட்டி, துண்டு. எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருந்தது. எந்தப் பிள்ளை செய்ததோ, நன்றாக இருக்கட்டும். சவரக் கத்தி. எங்கள் போட்டோ. அடியில் பெல்ட்.

அவன் பட்டாளத்துக்குக் கிளம்பும்போது நான் கொடுத்தது. நாட்டரசன்கோட்டையில் கதவு வேலைக்குப் போன வீட்டில் கிடைத்த ஆபீசர் பெல்ட். என்னிடம் இருந்ததிலேயே சின்னது. லீவில் வரும்போது அதைக் கட்டிக்கொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்குவான்.

புதிதாக ஒரு ஓட்டை. மற்ற ஓட்டைகளையெல்லாம் தாண்டி உள்ளே தள்ளி, ஆணியால் குத்தியது. அடப்பாவி, நல்ல தோலை இப்படியா குத்துவே என்று வாய்விட்டே வைதேன். அப்புறம்தான் உறைத்தது. கடுதாசிக்குக் கடுதாசி, நல்ல சாப்பாடு, குண்டாகிவிட்டேன் என்று எழுதினவன். எலும்பும் தோலுமாகத்தான் இருந்திருக்கிறான்.

அழுதேன். அழ அழ, கை அது பாட்டுக்கு வேலை பார்த்தது. எந்தப் பெல்ட் வந்தாலும் செய்கிறதுதான். சவுக்காரத் துணியால் அழுக்கெடுப்பு, பித்தளைக்குப் புளி, தோலுக்கு விளக்கெண்ணெய். நிழலில் தொங்கவிட்டேன். பளபளவென்று இருந்தது. விசாலத்துக்குக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அன்றே, சாயங்காலம்

வந்தாள். பெட்டி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகத்தில் வைத்தாள்.

"சோப்பு வாசந்தான் அடிக்குது. எம்புள்ள வாசமே இல்லாமத் தொவச்சு அனுப்பிட்டாகளே." எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பெல்ட் எங்க? தோலுல ஏறுன வேர்வை போகாதுன்னு நீகதான சொல்லுவீக?"

அவளே கொடியில் பார்த்துவிட்டாள். எடுத்து மூக்கில் வைத்தாள்.

"என்ன பண்ணுனீக?"

"தொடச்சேன்."

"தொவச்சவுக அன்னியம். நீக பெத்தவுகல்ல?"

பெல்டை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 9

பனி. சோறு வைக்கிறாள். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். பாய் மறுபடி ஆள் அனுப்பினார். போகவில்லை.

அந்த ஆணி ஓட்டைக்குள் மட்டும் துணி போயிருக்காது என்று காலையிலிருந்து ஒரு நினைப்பு. அவள் தண்ணீருக்குப் போனதும் பெல்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். விளக்கெண்ணெய்தான்.