ஒரே கூரைக்குள் இரண்டாவது மெஷின்

அன்பான காதர் பாய், நீங்கள் இருக்கும் இடத்துக்கு இந்த வாத்தியாரின் சலாம்.

நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். காலையில் பள்ளிக்கூடம் இல்லாததால் கால்கள் தாமாக உங்கள் மாவு மில்லுக்கு நடக்கின்றன. இன்று உங்களுக்கு ஒரு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு முன் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

கீழ்பென்னாத்தூரில் இன்னொரு மில் போடச் சொன்னவன் நான்தான். "பஸ்ல பத்துப் பேர் ஏறினாலும் அம்பது பேர் ஏறினாலும் டிரைவர் ஒருத்தர்தானே பாய்? தொழில் பெருசானா செலவு கம்மி" என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். ஆனால் நாம் செய்தது இருந்த பஸ்ஸை நிரப்புவது அல்ல, இன்னொரு பஸ் வாங்குவது. அங்கே தனி மோட்டார், தனி வாடகை. ஆள் மட்டும் நீங்களே. காலையில் இங்கே, மதியம் அங்கே. அந்த அலைச்சல்தான் உங்கள் உடம்பைக் கெடுத்ததா? யாரிடம் கேட்பேன்?

நீங்கள் போனதும் அந்த மில்லைப் பூட்டிவிட்டோம். இங்கே உங்கள் மனைவி ஜமீலா தனியாக நின்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் புது மில் வந்ததும் கூட்டம் கரைந்தது. நம் மில் நின்றால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. பூட்டிக் கிடந்த மெஷினை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். "வித்துடலாமா அண்ணே?" என்றாள். ஒருமுறை தப்பாகச் சொன்னவன் நான். "தெரியலைம்மா" என்றேன்.

ஒரே மெஷினில் மிளகாய் அரைத்தால் அடுத்து அரிசி போட யாரும் முன்வர மாட்டார்களே, நினைவிருக்கிறதா? "எங்களுதை முதல்ல போடாதீங்க பாய். போன தபா புட்டு தின்னுட்டு வூட்டுக்காரர் கண்ணுல தண்ணி" என்பாள் எதிர்வீட்டுக் கற்பகம். "அது மாவுல காரமா, உன் பேச்சுல காரமானு கேட்டியாம்மா?" என்பீர்கள். கடைசியில் மெஷினில் ஒட்டிய காரத்தை எடுக்க உங்கள் வீட்டு அரிசிதான் முதலில் விழும்.

"காரப் புட்டு தின்னது போதும்ணே, விக்க வேணாம்" என்றாள் ஜமீலா மறுநாள். "அந்த மெஷினை இங்கயே கொண்டாந்து மிளகாய்க்குனு வெச்சுடலாம். பெல்ட்டை மாத்தினா ஒரே மோட்டார் ரெண்டையும் ஓட்டும். கூரை இருக்குது, நான் இருக்கறேன். செலவு என்னா ஜாஸ்தி?"

இத்தனை வருடம் கணக்குப் பாடம் எடுத்தவனுக்கு இது தோன்றவில்லையே பாய்!

போன வாரம் வண்டியில் மெஷின் வந்து இறங்கியது. இன்று காலை பத்து மணிக்குள் வாசல்வரை தூக்குவாளிகளும் டின்களும் வரிசை. மாவில் இனி காரம் கலக்காது என்றதும் புது மில்லுக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். சந்தோஷத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கோதுமைக்கு மூணாவதா ஒண்ணு போடலாமாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

ஜமீலா சிரித்தாள். "சுத்திப் பாருங்கண்ணே. மூணாவது உள்ள வந்தா நான் தெருவுலதான் நிக்கணும்."

நீங்கள் போன பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

எதுவரை பெரிதாகலாம் என்பதை இனி அவளே முடிவு செய்யட்டும். நான் யோசனை சொல்வதாக இல்லை. தினமும் வருவேன், பெல்ட் மாற்றும்போது ஒரு கை கொடுப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் ஜமீலாவுக்கு அண்ணன், அதனால் உங்களுக்கு மச்சான்,
சாமிநாதன்