அப்பாவின் உயரம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

விடுதிச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை. அது கிடக்கட்டும். இரண்டு காலும் போன எனக்கு, கால் உள்ளவர்களோடு ஓட அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு முட்டுக்கட்டை. என் கையையும் நெஞ்சையும் அளந்து, விபத்து நடக்காமல் வளர்ந்திருந்தால் எவ்வளவு உயரம் இருந்திருப்பேன் என்று கணக்குப் போட்டார்கள். நீ செய்த செயற்கை ஓட்டக் கால்கள் அதைவிட மூன்று விரற்கடை அதிகமாம். அதனால் அடி நீளமாக விழுகிறதாம்.

செய்தவள் நீ. சரியான உயரம்தான் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு, நம்புவார்கள். அம்மாவிடம் மூச்சு விடாதே.

உன் தம்பி

மார்ச் 11

என் செல்லத் தம்பிக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன். கோபித்துக்கொள்.

அந்த உயரம் எப்படி வந்தது என்று மறந்துவிட்டாயா? அப்பா இருந்தவரை நம் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைவார். நீயும் குனிந்துதான் நுழைய வேண்டும் என்று, நிலை தலையில் தட்டும்வரை காலை நீட்டச் சொன்னாய். அம்மா அண்ணாந்து பார்த்து, "அப்படியே உங்கப்பாடா" என்று அழுதாள். அதற்கப்புறம் குறைக்க யாருக்கு மனசு வரும்?

ஆனால் பக்கத்துத் தடத்தில் ஓடுகிறவனுக்கு அவன் அப்பா உயரத்தை யார் கொடுத்தார்கள்? "சமமா ஓடணும்க்கா" என்று என் உயிரை வாங்கியவன் நீ.

குட்டை ஜோடி பார்சலில் வருகிறது. நடக்கிற கால்களையும் அதே அளவில் வைத்திருக்கிறேன். இரண்டு உயரத்தில் பழகினால் இடுப்பு போய்விடும்.

அக்கா

மார்ச் 25

தம்பி,

பார்சல் வந்ததா? போனையும் எடுப்பதில்லை. "அவன் ஏன் பேசமாட்டேங்கிறான், நீ என்னடி சொன்னே?" என்று அம்மா என்னைத் துளைக்கிறாள். பயமாக இருக்கிறது. திட்டியாவது எழுது.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

நேற்று குட்டைக் காலில் ஓடினேன். ஆறாவது. பழைய ஜோடி என்றால் முதல் மூன்றுக்குள் வந்திருப்பேன், உனக்கே தெரியும். என் காலை இரண்டாம் முறை வெட்டியது நீதான் என்று தோன்றியது. கோபம் இன்னும் ஆறவில்லை.

ஐந்தாவதாக வந்தவன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஸ்டார்ட்ல ரொம்ப சொதப்புறப்பா" என்றான். இத்தனை வருஷமாக எல்லாரும் என் காலைப் பற்றித்தான் பேசினார்கள். ஸ்டார்ட்டுக்காக யாரும் குறை சொன்னதில்லை. அடுத்த பந்தயத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு இப்போது வரவில்லை. அம்மாவிடம் நீயே முதலில் சொல்லிவிடு. நான் குனியாமல் வாசலில் நுழையும்போது, அவள் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்துவிடக் கூடாது.

தம்பி