நான் கிழிக்காத நீல ஆடு

தோர்ண்டன் ஹீத்,
யூன் 2007.

அன்பு மகன் கொட்வினுக்கு,

மடு மாதாவின் இரக்கத்தால் நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். மெல்பேர்ணில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் வாசித்தால்தான் என் மனம் ஆறும். அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனாலும் தரைக்கு ரைல்ஸ் கல் பதிக்கிற வேலையைக் குறைக்கமாட்டேன் என்கிறார், முழங்காலுக்கு அடியில் வைக்கிற மெத்தையை வாங்கிக் கொடுத்தால் அதை வான் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகிறார். எனக்குப் பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை வழமை போலத்தான். மன்னாரில் சின்ன மாமாவோடு இரண்டு கிழமையாகக் கதைக்க முடியவில்லை, லைன் கிடைப்பதே இல்லை, செபத்தில் அவர்களை நினைத்துக்கொள்.

நீ அனுப்பிய புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஓவியமும் டிசைனும் படிக்கிற பிள்ளைகளுக்கு என் மகன் புத்திமதி சொல்லிப் புத்தகம் எழுதியிருக்கிறான் என்று அப்பாவுக்குப் பிடிபடாத சந்தோசம். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவது போல உறை போட்டு, வானில் கொண்டு திரிந்து, கண்டவர்களுக்கெல்லாம் பின் அட்டையில் உன் படத்தைக் காட்டினார். உள்ளே அவர் வாசிக்கவில்லை, அவருடைய இங்கிலீஷ் உனக்குத் தெரியும்தானே. நான்தான் பின்னேரங்களில் அகராதியோடு இருந்து வாசித்தேன். சொற்கள் விளங்கின, சொல்ல வந்தது விளங்கவில்லை. முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே மேசையில் இருந்து படம் கீறு என்கிறாய், அடுத்ததில் மேசையை விட்டு எழும்பிப் போ என்கிறாய். வெள்ளைத் தாளைக் கண்டு பயந்தால் முதல் கோட்டை வேண்டுமென்றே பிழையாகப் போடு என்று எழுதியிருக்கிறாய். அதை அப்பாவுக்குச் சொன்னேன். "நான் முதல் ரைலைப் பிழையா வச்சா வீட்டுக்காரர் சும்மா விடுவினமே?" என்று சிரித்தார். படித்த பிள்ளைகளுக்கு விளங்கும் என்று நான் பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்றாம் அதிகாரத்தில் நான் வந்துவிட்டேன். உனக்கு ஏழு வயதாம், ஜேர்மனியில் அகதி விடுதியாம், நீ ஒரு நீல ஆடு கீறினாயாம், ஆடு நீல நிறத்தில் இராது என்று சொல்லி நான் அதை இரண்டாகக் கிழித்து எரிகிற அடுப்பில் போட்டேனாம். அதற்குக் கீழே, உன்னுடைய நீல ஆட்டைக் கிழித்தவர் யார், அவருடைய பெயரை எழுது, எழுதிவிட்டு அடுத்த ஆட்டைக் கீறு என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி. என் இங்கிலீஷ்தான் பிழை என்று நினைத்து மூன்று தரம் வாசித்தேன். மகன், அந்த விடுதியில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு குசினிதான், அதில் இருந்தது மின்சார அடுப்பு, நெருப்பு ஏது. ஆடு நீலமாக இருந்தால் எனக்கென்ன, பச்சையாக இருந்தால்தான் எனக்கென்ன. நீ கீறியதையெல்லாம் நான் அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன். விடுதியை விட்டுப் போகும்போது கதவைத் துப்புரவாக்கித் தரச் சொன்னார்கள், பசை காய்ந்து போயிருந்தது, உரிக்கும்போது ஒன்றிரண்டு கிழிந்தும் இருக்கலாம். அதைத்தான் பார்த்தாயா. அப்பாவிடம் கேட்டேன். "நான் அப்ப விடிஞ்சாப் பொழுதுபட்டா ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவிக்கொண்டிருந்தன், எனக்கென்ன தெரியும்" என்றார். பிறகு, "உமக்கும் மறந்திருக்குமோ" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சோறு வடிக்கும்போதும் அதுதான் நினைவு, கிழித்தேனா, கிழிக்கவில்லையா.

இப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போனோம். எங்கள் பியற்றிஸ் அக்காவை உனக்குத் தெரியும், பூசை முடிய மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றுகிறவ. அவவின் மகள் தயாளினி மருந்தாளர் படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஓவியக் கல்லூரிக்கு மாறியதில் இருந்து தாயோடு கதைப்பதில்லை, தனியாக அறை எடுத்து இருக்கிறாள். பூசைக்கு மட்டும் வருவாள், வந்தாலும் தாயிருக்கிற வாங்குப் பலகையில் இருக்கமாட்டாள். அவளிடம் உன் புத்தகம் இருக்கிறது, கல்லூரியில் வாசிக்கச் சொன்னார்களாம். அன்றைக்கு அப்பா வழக்கம் போல உன் படத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, அவள் என்னிடம் வந்து, "அன்ரி, அந்தப் புத்தகத்தில வாற அம்மா நீங்களே?" என்று கேட்டாள். நான் ஓமென்று தலையாட்டினேன். அவள் அந்தப் பயிற்சியைச் செய்ததாகச் சொன்னாள். யாருடைய பெயரை எழுதினாள் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை, பியற்றிஸ் அக்கா தேத்தண்ணிக் கேத்திலைப் பிடித்தபடி பக்கத்து மேசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு அவள் மரியாதையாகத்தான் கேட்டாள், "ஏன் அன்ரி கிழிச்சனீங்கள், உங்களுக்கு அவரில கோவமோ?"

நான் கிழிக்கவில்லை பிள்ளை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் நீ பொய்யனாகிவிடுவாய், அங்கே அப்பா வேறு உன் புத்தகத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறார். ஆனால் உன்னைக் காப்பாற்றத்தான் அதைச் சொல்லாமல் விட்டேன் என்றும் சத்தியம் பண்ண ஏலாது, ஏனென்றால் அந்த நேரம் நான் பார்த்தது பியற்றிஸ் அக்காவின் முகத்தை. "கோவமில்லை பிள்ளை, பயம்" என்று என் வாயில் வந்தது. "நாடு விட்டு வந்து ஒரு அறைக்குள்ள இருக்கிறம், பாசை தெரியாது, இந்தப் பிள்ளை படம் கீறி எப்பிடிச் சீவிக்கப் போகுது எண்டு பயம்." கிழிக்காத ஒருத்தி கிழித்தவளாக நின்று இப்படிக் கதைத்தேன், ஆனால் அந்தப் பயம் பொய்யில்லை மகன், அது எனக்கு இருந்ததுதான். பியற்றிஸ் அக்கா கேத்திலை மேசையில் வைத்துவிட்டு, மகளைப் பார்க்காமல், "ஓம், அதுதான் பிள்ளை, வேற ஒண்டுமில்லை" என்றா. தயாளினி மேசையில் கிடந்த கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு தாய்க்குப் பின்னால் குசினிக்குள் போனாள். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. வியாழக்கிழமை பியற்றிஸ் அக்கா போன் எடுத்து, மகள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவள், தலைமயிருக்கு அடித்திருக்கிற நிறத்தைப் பற்றி மறுபடி சண்டையும் பிடித்தவர்கள், ஆனாலும் இரவு அங்கேயே படுத்தாள் என்று சொல்லி அழுதா.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் கிளாப்பம் ஜங்சனில் ரெயின் மாறிய பிறகுதான் அப்பா கேட்டார், "நீர் உண்மையாக் கிழிச்சனீரோ." இல்லையப்பா என்றேன். "அப்ப ஏன் ஓமெண்டு சொன்னனீர்?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் அதை வானுக்குக் கொண்டுபோகவில்லை.

மகன், புத்தகத்தைத் திருத்து என்று நான் கேட்கவில்லை. திருத்தாதே என்றும் சொல்ல வரவில்லை, ஒரு பிள்ளை அதை வாசித்துத் தாயின் பெயரை எழுதியது, அதே கதையால் திரும்பியும் வந்தது, இதில் எது சரி என்று என் புத்திக்கு எட்டவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை தேவைப்பட்டு அதை எழுதினாயா, அல்லது அப்படித்தான் நடந்தது என்று நம்புகிறாயா. கதைக்காக என்றால் போகட்டும், நான் கோபிக்கமாட்டேன். நம்புகிறாய் என்றால், ஏழு வயதில் இருந்து அந்த அம்மாவின் கையால்தானே நீ சாப்பிட்டாய், அவளுக்குப் பக்கத்தில் இருந்துதானே பூசை கண்டாய், ஹீத்ரோ விமான நிலையத்தில் அவளைத்தானே கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டுப் போனாய். இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி இருந்தாய், அதை நினைத்தால்தான் எனக்கு ஏலாமல் வருகிறது.

இரவில் நேரத்தோடு படு, மார்புக்குக் கம்பளி போடு, கொத்தமல்லி அவித்துக் குடி. மாதா உன் கைகளையும் கண்களையும் காக்கட்டும், நீ கீறுகிறதெல்லாம் விளங்கட்டும். மறுமொழியைப் போனில் சொல்ல வேண்டாம், அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், உன்னை எதுவும் கேட்க வேண்டாம் என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். கடிதமாக எழுது. தமிழில் எழுதக் கஷ்டமென்றால் ஜேர்மனில் எழுது, நான் வாசிப்பேன்.

என்றும் உன் அம்மா,
அஞ்சலீனா யாக்கோப்பு