மெர்ரிஹோப் தோட்டத்தில் அம்மா

சார்ல்ஸ்டன்,
ஏப்ரல் 3

அன்புத் தம்பி ரூஃபஸுக்கு,

அக்கா எர்னெஸ்டின் எழுதுவது. கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான்.

அம்மாவின் அடக்கத்துக்குத்தான் வர முடியவில்லை, அவள் இருக்கும் இடத்தையாவது படமெடுத்து அனுப்பு என்று கேட்டிருந்தாய். அதற்காகச் சனிக்கிழமை மெர்ரிஹோப் தோட்டத்துக்குப் போனேன். அடிமைக் காலத்திலிருந்து நம்மவர்களைப் புதைத்துவரும் ஆற்றோரக் கல்லறைக்குப் போக, நம்மவர்களே முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டுமாம். அது எந்தக் காலத்தில் வருவது? சுற்றுலாக்காரியாக டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்துவிட்டேன். நம் முன்னோர் அடிமைகளாகச் சேற்றில் நின்று வெட்டிய குளத்தைக் காட்டி, "இயற்கை குடுத்த வரம் பாருங்க" என்றான் வழிகாட்டி. பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்மணி அசேலியாப் பூக்களோடு தன்னைப் படமெடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா கடைசியாகக் காபி குடித்த நீலக் கோப்பையை நம் வழக்கப்படி உடைத்து, தலைமாட்டில் வைத்து, சுற்றிலும் சிப்பி பதித்திருந்தேன். மண் இறுகட்டும், நீ வந்ததும் கல் நடலாம் என்றிருந்தோம். கோப்பையைக் காணோம். யாருடைய கோப்பையும் இல்லை. மேடுகளும் இல்லை. ஆற்றோரம் முழுக்கச் சமமாகப் புல்.

தோட்டக்காரரிடம் ஓடினேன். "கல்யாண பார்ட்டி வருது, சுத்தம் பண்ணுன்னாங்கம்மா. உடைஞ்ச கப்பு, சிப்பியெல்லாம் யாரோ போட்டுட்டுப் போன குப்பைன்னு அள்ளிட்டு, மண்ணை நெரவிப் புல்லு பதிச்சுட்டோம்" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மறுநாள், குழி வெட்டிய டைட்டஸ் மாமாவைக் கூட்டிப்போனேன். "இந்த ஓக் மரத்துக்குக் கெழக்கே" என்றார். "நம்ம வீடே எந்தப் பக்கம்னு தெரியாத ஆளு, கெழக்கு சொல்ல வந்துட்டாரு! இது இல்ல, அந்த மரம்" என்று கூட வந்த அத்தை சண்டைக்கு நின்றாள். பிறகு இருவருமே அழுதார்கள். எனக்கும் தெரியவில்லை ரூஃபஸ். அடக்கத்தன்று கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மரத்தைப் பார்க்கவில்லை.

நிர்வாகம் வருத்தம் சொல்லிப் பூங்கொத்து அனுப்பியிருக்கிறது. எங்கே கொண்டுபோய் வைப்பது? அடுப்படியில் வாடிக்கிடக்கிறது.

படம் எடுக்கவில்லை, மன்னித்துவிடு. எதை எடுப்பது? கல்லுக்கும் இப்போது சொல்லி வைக்காதே.

கடலில் கர்த்தர் உன்னைக் கைவிடாதிருப்பாராக. விடுப்பு கிடைத்ததும் வா. அங்கே போனால் பூட்ஸைக் கழற்றிவிட்டு மெதுவாக நட, கண்ணு. எங்கே கால் வைத்தாலும் அது அம்மாவாக இருக்கலாம்.

உன் வரவையே பார்த்திருக்கும்,
அக்கா எர்னெஸ்டின்