பட்டியலில் நான் எழுதாத பெயர்

அக்கா,

இன்று காலை உன் பந்துப் பையின் ஜிப்பைத் திறந்தேன். ரப்பர், வேர்வை, நீ முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் மருந்து எண்ணெய் எல்லாம் கலந்த அந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. அடுப்படியிலிருந்து அம்மா, "மூடு அத," என்று மட்டும் சொன்னார். நீ போய் நான்கு மாதமாகிறது. அம்மா இன்னும் உன் பெயரைச் சொல்வதில்லை.

நீ முன்பு பயிற்சி கொடுத்த கல்லூரியில் பந்துகளைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். எடுத்துப்போக ரேணுகா வருவதாகச் செய்தி வந்தது. உன் அணியில் ஆடிய ஒரே தமிழ்ப் பெண். அவள் பெயரைக் கேட்டதுமே பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் நம் பிளாட்டுக்குக் கீழே, வலை அறுந்த ஒற்றை வளையத்தில் சீனப் பிள்ளைகளோடு கூடைப்பந்து ஆடத் தொடங்கியவள் நீ. மாநில அணிவரை போனாய். முழங்கால் கெட்டதும் அப்பா, "போதும்லா, பேங்க்ல ஏதாச்சும் வேலையப் பாரு," என்றார். நீ கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தாய். உதவி என்றால் பந்துக்குக் காற்றடிப்பது, சட்டைகளைத் துவைப்பது, தண்ணீர்ப் பெட்டி தூக்குவது. நான்கு வருடம் அப்படி. பிறகு அணியையே உன்னிடம் கொடுத்தார்கள், அதுவும் வருடத்துக்கு வருடம் ஒப்பந்தத்தில். "ஜெயிச்சா அடுத்த வருஷம் இருப்பேன், தோத்தா வீட்ல இருப்பேன். அவ்ளோதான் கோச் வேலை," என்று சிரிப்பாய்.

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டேன். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரலே வராது. மற்ற எல்லாரும் திட்டினார்கள். நீ மட்டும், "வா, எனக்குப் பட்டியல் எழுத ஆள் வேணும். நீ பேசவே வேணாம்," என்றாய். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பன்னிரண்டு பெயர்களையும் சட்டை எண்களையும் எழுதி அதிகாரிகளின் மேசையில் கொடுப்பேன். அதில் நீ கையெழுத்துப் போடுவாய். ஆட்டம் தொடங்கிய பிறகு பெயர் சேர்க்க முடியாது. பட்டியலில் இல்லாதவள் ஆடவும் முடியாது.

கல்லூரிப் போட்டியின் அந்த அரையிறுதியில் ரேணுகாவின் சட்டை கிழிந்துபோய், வேறு சட்டை மாற்றப் போயிருந்தாள். புது எண் எனக்குத் தெரியவில்லை. கேட்டு எழுதலாம் என்று அவள் வரியை வெறுமையாக விட்டேன். அவள் வந்தாள், சுற்றிலும் தோழிகள், ஒரே சிரிப்பு. இரண்டு முறை அருகில் போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன். முடிந்ததா என்று மேசைக்காரர் மலாய் மொழியில் கேட்டார். தலையாட்டினேன். காலியாக இருந்த வரியில் அவர் கோடு இழுத்தார். நான் எழுதியது என்பதால் நீ படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாய்.

எதிரணி களைத்த பிறகுதான் ரேணுகாவை இறக்குவது உன் வழக்கம். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்களும் அன்று அவளைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். இடைவேளையில் மேசைக்குப் போன நீ பட்டியலைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். கடைசிவரை அவளைக் கூப்பிடவே இல்லை. தோற்ற பிறகு அவள் அழுதுகொண்டே ஏன் என்று கேட்டபோது, "என் முடிவு," என்றாய்.

வீட்டுக்கு வரும் வழியில், "கையெழுத்து என்னோடது. நீ வாயத் தொறக்காத," என்றாய். கீழ்ப்படிந்தேன். எனக்கு அதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை.

ஒப்பந்தத்தைக் கல்லூரி நீட்டிக்கவில்லை. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளியில் பகுதிநேர வேலை கிடைத்தது. தினமும் மோட்டார் சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு போனாய். ஒரு மழைக் காலையில், அக்கரைச் சாலையில், லாரி. அந்தச் சாலையில் உன்னைக் கொண்டுபோய் விட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் ரேணுகா வந்தாள். "என்னா தங்கச்சி, இன்னும் ஊமைதானா?" என்று சிரித்தாள். பையைத் தோளில் போட்டவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"ஒங்கக்கா மேல எனக்கு இன்னும் கோவம் போகல. தமிழ்ப் பொண்ணுக்குச் சலுகை காட்றாங்கன்னு பேச்சு வந்துரும்னு பயந்து என்னைய ஒக்கார வச்சிட்டாங்க. டீம்ல எல்லாருக்கும் அதான் தெரியும். சாவுக்குக்கூட நான் வரல, பாத்தில்ல?"

"நான்தான் எழுதல," என்றேன்.

"என்னா?"

"ஒங்க பேர. பட்டியல்ல. நம்பர் தெரியல. கேக்க வாய் வரல."

அவள் பையோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினொண்ணு," என்றாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா. எழுந்தபோது அவள் முகமெல்லாம் ஈரம். "நாளைக்கு அஞ்சு மணிக்குக் காலேஜ் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு வா. எல்லார்கிட்டயும் நீயே சொல்லணும். ஒனக்காக நான் சொல்ல மாட்டேன்லா."

சாயங்காலத்திலிருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். உன் பெயர்வரை வருகிறது, அதற்கு மேல் வரவில்லை. சொன்னாலும் நீ வரப்போவதில்லை. உன் வேலையும் திரும்பாது. ரேணுகாவுக்கு அந்த நாளும் திரும்பாது. ஆனால் மற்றப் பதினொரு பெண்கள் இன்னும் உன்னைப் பயந்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பயந்தவள் நான். உன் பேச்சை நான் மீறியதே இல்லை. நாளைக்கு மீறுவேன். குரல் வராவிட்டால், வரும்வரை அவர்கள் எதிரே நிற்பேன்.