மாலை போட்ட போனட்

மச்சான்,

நேற்று வேனுக்கு கியர் ஆயில் மாற்றினேன். டின்னைத் திறந்ததுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. அழுகின முட்டையைப் பழைய ரப்பரில் சுற்றி வைத்த மாதிரி ஒரு நாற்றம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரலை விட்டுப் போகவில்லை. அந்தக் கையோடு சோறு பிசையும்போது உன் ஞாபகம் வந்துவிட்டது. செத்துப்போனவர்களை நினைக்க மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ, ஊதுபத்தி என்று எவ்வளவோ இருக்கிறது. எனக்கு நீ விட்டுவிட்டுப் போனது கியர் ஆயில்.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பெண்டாட்டிதான் பிழை பார்க்கிறாள். துணைக்காலை மட்டும் திருத்து, கோபத்தைத் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கோபம் யார் மேல் என்றால், முதலில் உன் மேல்தான்.

அந்தக் காரைப் பார்த்த அன்றைக்கே உன் முகம் சரியில்லை. சிவப்பு ஜப்பான் கார். ரெண்டே கதவு. முன்விளக்கு ரெண்டும் பகலில் மூடிக்கொண்டு தூங்கும், சுவிட்சைப் போட்டால் கண் திறக்கும். இடது கண் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. "உன்னப் பாத்து கண்ணடிக்குது மச்சான், வீட்ல சொல்லிடாத" என்றேன். நீ சிரிக்கக்கூட இல்லை. ரயில்வே ஸ்டோரில் கிளார்க்காக இருந்துகொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து பழைய ஸ்கூட்டரில் போய்வந்த மனுஷன் நீ. அந்த மாதிரி காரைப் பத்திரிகைப் படத்தில் பார்த்துப் பார்த்தே உனக்கு முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது.

கார் உன் தங்கச்சியின் மாமனாருடையது. கிள்ளானில் அவர் நடந்து வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். கோயில் கமிட்டி வேறு. "நம்ம வீட்டுக் காரு தம்பி, வெளியாளுக்குப் போகக்கூடாது. நீங்களே வச்சுக்குங்க" என்றார். உனக்குக் கால் தரையில் படவில்லை.

பழைய கார் வாங்குகிறவன் என்ன செய்வான்? போனட்டைத் திறப்பான். எண்ணெய் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவுவான். ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்து பார்ப்பான். அந்தப் பெரிய மனுஷனுக்கும் இது தெரியும். அதனால்தான் உன்னை வீட்டுக்கு வரச் சொல்லாமல் கோயில் வாசலுக்கு வரச் சொன்னார். போய்ப் பார்த்தால், காரைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, போனட்டே தெரியாத அளவுக்கு ஒரு மாலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஐயர் தட்டோடு நிற்கிறார். உன் தங்கச்சி புதுச்சேலை கட்டிக்கொண்டு, அண்ணன் கார் வாங்குகிற சந்தோஷத்தில் எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் உன் காதில் சொன்னேன். "போனட்ட தொறந்து பாரு மச்சான்."

"மாலை போட்டிருக்குடா."

"தூக்கி அந்தப் பக்கம் வை. மாலைதானே, பாம்பு இல்லையே."

"சம்பந்தி வீடுடா. கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு டிப்ஸ்டிக்க உருவுனா, உங்கள நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி ஆயிடும். சும்மா இருலா."

சும்மா இருந்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் பூனை மாதிரி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஏமாந்திருக்கிறார்கள். மாலைக்கு மரியாதை கொடுத்து ஏமாந்தவர்கள் நம் ஆட்கள்தான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மாற்ற என் வீட்டுக்குக் காரைக் கொண்டு வந்தாய். கையில் அந்தக் காரோடு வந்த புத்தகம். அதற்குள் சாப்பாட்டுக் கடையில் ஒரு மாநாடே நடந்து முடிந்திருந்தது. மினியாக் ஈத்தாம் என்கிற இன்ஜின் எண்ணெய் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் கிள்ளானில் ஏது? பழைய வண்டி, நம்ம ஊர் வெயில், கட்டி எண்ணெயாப் போடு என்றான் ஒருத்தன். பந்தயக் கார் மாதிரி இருக்கு, இருக்கிறதிலேயே விலை கூடினதை ஊத்து என்றான் இன்னொருத்தன். தன் லோரிக்கு ஊற்றுவதையே ஊற்றச் சொன்னார் ஒரு பெரியவர். நீ யாரோடும் சண்டை போடவில்லை. "கார் என்ன கேக்குதோ அதத்தான் குடுக்கணும். நம்ம மனசு கேக்குறத இல்ல" என்றாய். இந்த மாதிரி இன்ஜினுக்கு உள்ளே இடைவெளி கம்மி, வேகமாகச் சுற்றும், சாவியைத் திருப்பின உடனே எண்ணெய் ஓடி மேலே ஏறணும், கட்டி எண்ணெய் தவழ்ந்து போய்ச் சேர்வதற்குள் இரும்பு இரும்பைத் தின்றுவிடும் என்று எனக்கு விளக்கினாய். புத்தகத்தில் போட்டிருந்த பதினைந்து நாற்பது நம்பர் எண்ணெயையே வாங்கி வந்திருந்தாய்.

இன்ஜினைச் சூடாக்கிவிட்டு அடியில் இருக்கிற நட்டைக் கழற்றினோம். சூடான எண்ணெய் தடதடவென்று கொட்ட வேண்டும். இது குலா மலாக்கா வெல்லப்பாகு மாதிரி நூலாக இறங்கியது. அறுபடவே இல்லை. கூடவே இந்த நாற்றம், நேற்று என் விரலில் இருந்த இதே நாற்றம். இன்ஜின் எண்ணெயோடு கியர் ஆயிலைக் கலந்து ஊற்றியிருந்தார்கள். உள்ளே தேய்ந்துபோனதெல்லாம் சத்தம் போடாமல் இருக்க. காய்ச்சல்காரிக்குப் பவுடர் பூசிப் பெண்பார்க்க உட்கார வைத்த மாதிரி.

"இதையே திரும்ப ஊத்தி, அவரு வீட்டு வாசல்ல விட்டுட்டு வா" என்றேன்.

நீ தட்டில் இறங்குகிற எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாய். "தங்கச்சி அந்த வீட்ல இருக்காடா. நான் வாசல்ல நின்னு கத்திட்டு வந்துடுவேன். அவதான் உள்ள இருந்து பதில் சொல்லணும்."

"சரி, அப்ப கட்டி எண்ணெயே ஊத்து. சத்தமில்லாம ஓடும், வேற எவனுக்காச்சும் தள்ளிவிட்டுடலாம்."

"மாலை போட்டா?" என்று கேட்டாய்.

சரியான எண்ணெயைத்தான் ஊற்றினாய். சாவியைத் திருப்பினதும் அடியிலிருந்து டக் டக் என்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம். பின்னால் நீலப் புகை. நீ ஸ்டீரிங்கில் கை வைத்தபடி, "இப்பத்தான் உண்மையப் பேசுது" என்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, இந்த விஷயம் இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்று சத்தியம் வாங்கினாய். யாரிடம்? என்னிடம். தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கிற ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேனில் வழிமுழுக்க ஊர்க்கதை பேசுகிறவனிடம். நீ எனக்குச் செய்ததிலேயே பெரிய கொடுமை அதுதான்.

மெதுவாகப் பிரித்துச் சரிசெய்யலாம் என்று காரை ஓரமாக நிறுத்தி வைத்திருந்தாய். அதற்குள் நீ மாமா என்று கூப்பிடுகிற அந்த மாமனாரின் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம், பிரிக்ஃபீல்ட்ஸில். சிவப்புக் காரில்தான் வருவேன் என்றார் அவர். "கொஞ்சம் சரியில்ல மாமா" என்று இழுத்தாய். "நான் குடுத்த காரு, சரியில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஏறிக்கொண்டார். அந்தத் தாழ்வான சீட்டில் வேட்டியோடு, முழங்கால் ரெண்டும் தாடையில் முட்ட, தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி அவர் உட்கார்ந்து வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான்.

அதற்கப்புறம் நடந்ததற்குச் சிரிப்பு வரவில்லை. கிள்ளானிலிருந்து ஃபெடரல் ஹைவேயில் பாதி வழி போனதும் இன்ஜின் ஒரு அலறல் அலறிவிட்டு நின்றது. பின்னாலேயே நான் வேனில் உன் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். முக்கால்வாசிப் பேர் இறங்கி வந்தார்கள். மாமா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்: "என்ன எண்ணெய் தம்பி ஊத்துனீங்க?"

கேட்டாரே மச்சான். கியர் ஆயிலை ஊற்றின கை இன்னும் காய்ந்திருக்காது, அந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"புத்தகத்துல போட்டத ஊத்துனேன் மாமா."

"தண்ணி மாதிரி இருக்குமே அது. பூனை மாதிரி ஓடின காரு. படிச்ச புள்ளைங்களுக்கு எல்லாம் புத்தகம்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். என் வெள்ளைச் சட்டையில் உன் நாலு விரலும் கறுப்பாகப் பதிந்தது. திரும்பிப் பார்த்தால் உன் தங்கச்சி, வேனிலிருந்து இறங்காமல், கண்ணாடி வழியாக நம் ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நீ 'தண்ணியெண்ணெய்'. கல்யாணமா, காதுகுத்தா, எங்கே போனாலும் "தண்ணியெண்ணெய் வந்துட்டாருப்பா, வண்டியப் பத்திரமா வச்சுக்குங்க" என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சாலாக் செலாத்தான் பட்டறையில் இன்ஜினைப் பிரித்து, தேய்ந்ததெல்லாம் மாற்றி, அதே பதினைந்து நாற்பதை ஊற்றி எத்தனையோ வருஷம் ஓட்டினாயே, அதை ஒருத்தன் பேசினானா? கேட்டால், மெக்கானிக் கைராசி என்றார்கள். டெங்கில் ஊருக்குப் போகிற ரோட்டில், ரெண்டு பக்கமும் செம்பனை மரம் ஓட, நீ மூன்றாவது கியரில் ஒரு அழுத்து அழுத்தினபோது என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இன்ஜின் பாடியது. "கேக்குதா?" என்றாய். கேட்டது மச்சான். சாட்சிக்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன், என் வாயையும் நீ பூட்டி வைத்திருந்தாய்.

மாமா உனக்கு முன்னாலேயே போய்விட்டார். கோயில் ஆபீசில் போட்டோ தொங்குகிறது, மாலையோடு.

போன மாதம் உனக்கு வருஷத் திதி, உன் தங்கச்சி வீட்டில். இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் உன் சித்தப்பா மகன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "எல்லாம் தெரிஞ்ச மனுஷன், ஒரு காருக்கு எண்ணெய் ஊத்த மட்டும் தெரியல" என்றான். உன் போட்டோவுக்கு முன்னாலேயே. சத்தியம் கேட்டவன் செத்துப்போனால் சத்தியமும் செத்துவிடுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரசவாளியோடு வந்த உன் தங்கச்சி நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "எங்கண்ணன் ஊத்துனது சரியான எண்ணெய்தான். தப்பான எண்ணெய ஊத்துனது எங்க மாமனாரு. கோயிலுக்குக் காரைக் கொண்டு போன அன்னைக்குக் காலையில, கோழிக்கூண்டுக்குப் பின்னால கியர் ஆயில் டின்னு கெடந்துச்சு. நான்தான் எடுத்து வீசுனேன். எதுக்குன்னு எனக்கு அப்பப் புரியல, ஹைவேயில காரு நின்னப்பத்தான் புரிஞ்சுச்சு." அப்புறம் அவன் இலையைப் பார்த்து, "ரசம் ஊத்தவா?" என்றாள். அவள் புருஷன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கை கழுவப் போன இடத்தில் என்னிடம் வந்து கேட்டாள். "அண்ணனுக்குத் தெரியுமா அண்ணே?"

"அன்னைக்கே தெரியும்மா. உனக்காகத்தான் வாயத் தொறக்கல."

அவள் குழாயை மூடாமல் நின்றாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சா சண்டை வந்துருமோ, உறவு அறுந்துருமோன்னு நானும் சொல்லல."

கேட்டாயா கதையை? அவளுக்காக நீ பேசவில்லை, உனக்காக அவள் பேசவில்லை. நடுவில் அந்தப் பெரிய மனுஷன் நிம்மதியாகத் தூங்கினார். இதைச் சொல்லி உன்னை நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே. எங்கே அனுப்புவது என்று மட்டும் தெரியவில்லை.

போன வாரம் எங்கள் முதலாளி ஒரு பழைய வேன் வாங்கினார். கோயில் வாசல், சந்தனம், எலுமிச்சம்பழம், போனட்டில் இத்தனை தடிமன் மாலை. சாவியை என்னிடம் நீட்டினார்கள். நான் மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். "என்னலா, மாப்பிள்ளையா?" என்று கேலி செய்தார்கள். விற்றவர் முகம் சுண்டிவிட்டது. ஐயர் தட்டோடு காத்திருந்தார். நான் போனட்டைத் திறந்து, கம்பியை உருவி, விரலில் தேய்த்து, மூக்கருகில் வைத்தேன்.

நல்ல எண்ணெய்தான் மச்சான். அதை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். அப்புறம்தான் மாலையைத் திருப்பிப் போட்டேன்.