ஓட்டையில்லாத கத்தரிக்காய்

பெப்ரவரி 3, செவ்வாய்

விடியத் தூறல், பிறகு நல்ல வெயில். வெட்கமான விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது ஒன்றும் எழுத வராது.

நேற்று கல்முனைக்குப் போய் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். வாங்குவதில் வெட்கமில்லை. பஸ்ஸால் இறங்கி, முன் கேற்றை விட்டு, பின் வேலிக்குள்ளால் நுழைந்து, அதை என் தோட்டத்துக் கூடையில் கொட்டி, மேலே நாலு கத்தரி இலையையும் பிய்த்துப் போட்டு, "மகள், இந்தா, இப்பதான் கண்டுல ஆஞ்ச" என்று குசினிக்குள் கொண்டுபோனேன். அதுதான் வெட்கம். இங்கே அட்டாளைச்சேனையில் வாங்கினால் மக்ரிப் தொழுகைக்கு முன் ஊருக்கே தெரியும், அதனால்தான் கல்முனை.

மகள் றிஸ்னாவுக்கு இப்போது ஐந்து மாதம். முதல் பிள்ளை. மூன்று கிழமைக்கு முன் பெரிதாகச் சொல்லிவிட்டேன்: பிள்ளை கிடைக்கும் வரைக்கும் மருந்து அடித்த மரக்கறி இந்த வீட்டுச் சட்டியில் ஏறாது, என் தோட்டத்துக் காய்தான். மருமகனுக்கு அக்கரைப்பற்றில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடையில் வேலை. அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

தோட்டத்து நிலவரம்:
கத்தரிக் கண்டு – 12
புழு துளைத்த காய் – 11
வாடித் தொங்கும் குருத்து – எண்ணவில்லை, மனம் வரவில்லை
நல்ல காய் – 2. அதில் ஒன்று என் சின்ன விரல் அளவு.

பகல் அந்தக் கத்தரிக்காயில் பால்கறி. மருமகன் இரண்டாம் தரமும் சோறு போட்டார். மகளிடம் சொல்கிறார்: "உங்கட உம்மாட கத்தரிக்காய் கடைக் காய் மாதிரி இல்ல. ருசி வேற."

நான் குசினி வாசல் சீலைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தேன். எட்டிப் பார்த்தால் மகள் சட்டியை வழித்துத் தின்கிறாள். சிரிப்பு நின்றுவிட்டது.

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தினம். கடை பூட்டு. மருமகன் வீட்டில். நோன்புக்கு இன்னும் இரண்டு கிழமை, அரிசி இடிக்க வேண்டும், மிளகாய் காய வைக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. சண்டைதான் நடந்தது.

சண்டையும் நேரே இல்லை. அவர் ஹோலில், நான் குசினியில், நடுவில் சீலை. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மகள்தான் டெலிபோன், இந்தப் பக்கத்துக் கதையை அந்தப் பக்கம் சொல்லுகிறவள். அவள் கலியாணம் முடித்த ஒன்பது மாதமாக எத்தனை பகிடி என் வாய்க்குள் ஊறிக் கிடக்கிறது.

அவர்: "மாமிட்டச் செல்லுங்க, கத்தரிக் குருத்து வாடுது, ஒரு தரம் மருந்து அடிச்சா புழு நிக்கும். மறுகா மருந்துப் போத்தல்ல எழுதிப் போட்டிரிக்கிற நாள் முடியிற வரைக்கும் காய ஆயாம இருந்தாச் சரி."

நான்: "அவரிட்டச் செல்லு, விக்கிறவர் அப்படித்தான் செல்லுவார் எண்டு."

மகள்: "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இரிக்கி. நான் என்னத்துக்கு நடுவுல?"

அவர்: "இண்டைக்கு அடிச்சி நாளைக்கு ஆஞ்சி சந்தைக்கு ஏத்துறாங்க, அதுலதான் பிழை. கடைக்கு வாறவங்க கேக்கிறதே அதுதான், நாளைக்கு ஆயலாமா எண்டு. நான் ஏலாது எண்டு சென்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. கல்முனையில் விற்றவளிடம் எப்போது அடித்தது என்று நான் கேட்கவே இல்லை. ஓட்டை இருக்கிறதா என்றுதான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவர் விடவில்லை. "மாமிட்டக் கேளுங்க, மாமா வயலுக்கு மருந்து அடிக்காத போகம் ஒண்டு இரிக்கா? அந்தச் சோறுதானே திங்கிறம்."

மகளின் வாப்பா அறுவடைக்கு வயல் வாடியில் தங்கிக் காவல் இருக்கிறார். நல்ல காலம், இருந்திருந்தால் மருமகன் பக்கம் சேர்ந்திருப்பார்.

"அவரிட்டச் செல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு."

பெப்ரவரி 6, வெள்ளி

வாங்கினதில் ஏழு காய் மிச்சம். குழி தோண்டிப் புதைப்போம் என்று எடுத்தேன். மகள் வந்து தோளில் நாடியை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"உம்மா, உங்கட கத்தரிக்காயப் பொரிச்சித் தாங்களன். வேற ஒண்டும் வாய்க்குப் பிடிக்குதில்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். காம்பைச் சுற்றி வெட்டினேன். உப்புத் தண்ணீரில் மூன்று தரம் கழுவினேன். மூன்று தரமும் பிஸ்மி சொன்னேன். பொரித்தேன். ஏழையும் தின்றாள்.

பின்னேரம் மழைக்குணம். பெய்யவில்லை.

பெப்ரவரி 7, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

விடியச் சுபஹுக்குப் பிறகு மகளுக்கு வாந்தி. நாலு தரம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். ஆட்டோவில் அவளை நடுவில் வைத்து நானும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க ஒருவரும் கதைக்கவில்லை. கதைக்கிறவள் அவள்தானே.

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நீள வாங்கில் இந்த முனையில் நான், அந்த முனையில் அவர். நடுவில் அவளுடைய செருப்பு.

"மருமகன்" என்றேன்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ கூப்பிட்டது என்று.

"அந்தக் கத்தரிக்காய் என்ட இல்ல. கல்முனையில வாங்கின. செவ்வாக்கிழமையும் அதுதான், நேத்தும் அதுதான். எப்ப மருந்து அடிச்சதெண்டு தெரியா. உள்ளுக்குப் போய் டொக்டரிட்டச் செல்லுங்க."

செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தாலும் நல்லது.

"கழுவினீங்களா மாமி?"

"மூணு தரம். உப்புப் போட்டு."

"காம்பச் சுத்தி வெட்டினீங்களா?"

"ஓம்."

எழும்பிப் போய்ச் சொன்னார். திரும்பி வந்து, அந்த முனையில் இல்லை, செருப்புக்குப் பக்கத்தில் இருந்தார். டொக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாராம். சேலைன் ஏற்றி, பத்து மணிக்கெல்லாம் மகள் பிஸ்கட் கேட்டாள். கத்தரிக்காயால் வந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த மாதங்களில் சிலருக்கு இப்படி வருமாம், கவனமாக இருக்கட்டுமாம். இனி எனக்கு அது தெரியவே போவதில்லை.

பிள்ளையின் நெஞ்சடிப்பைக் கேட்கவைத்தார்கள். தூரத்து வயலில் தண்ணி மெசின் ஓடுகிற மாதிரி. நானும் கேட்டேன், அவரும் கேட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

பெப்ரவரி 8, ஞாயிறு

வெயில். உடுப்பு கழுவினேன். மகளிடம் சொன்னேன், பின் வேலி, இலை, எல்லாவற்றையும்.

"எனக்கு ஒண்டும் ஆகல்லதான். ஆனா நீங்க என்னட்டப் பொய் செல்லுவீங்க எண்டு நான் நினைக்கவே இல்ல உம்மா."

காலைச் சாப்பாட்டைத் தானே போட்டுத் தின்றாள். நான் வைத்த சம்பலைத் தொடவில்லை. பகலும் அப்படித்தான். பின்னேரம் அஸருக்குப் பிறகு கிணற்றடியில் இருந்தேன். வந்தாள். பக்கத்தில் கதிரையைப் போட்டு என் மடியில் இரண்டு காலையும் தூக்கி வைத்தாள்.

"வீங்கி இரிக்கி. அமத்துங்க."

"கோவமா?"

"ஓம். அமத்துங்க."

அமத்தினேன். சின்னதில் வெறும் காலோடு மணலில் ஓடித் திரிந்த கால். இப்போது சோத்துப் பானை மாதிரி. அதைச் சொன்னேன். உதைத்தாள். பாதி சரியாகிவிட்டது.

பெப்ரவரி 9, திங்கள்

மறுபடியும் சீலை. ஒரு தரம் நேரே கதைத்ததில் இருவருக்கும் வெட்கம் இரண்டு மடங்காகிவிட்டது. அவர் முற்றத்தால் வந்தால் நான் கோழிக்கூட்டுப் பக்கம், நான் வந்தால் அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்.

மகள் வழியாக அவர் சொன்னது: வாடின குருத்தை வெட்டு, ஓட்டைக் காயையும் சேர்த்து எரி. பிறகு கண்டுகளுக்கு மேலால் கட்டிலுக்குக் கட்டுகிற நுளம்பு வலை. அந்துப்பூச்சி வந்து முட்டை வைத்தால்தானே புழு.

நான்: "அவரிட்டக் கேளு, இது தெரிஞ்சிக்கிட்டா இவ்வளவு நாளும் போத்தல் வித்தார்?"

அவர்: "பத்து ஏக்கர் செய்றவனுக்கு நுளம்பு வலை போட ஏலுமா எண்டு கேளுங்க. மாமிக்குப் பன்னிரண்டு கண்டு."

நியாயம்தான்.

"வலைக்குள்ளயும் புழு வந்தா?"

"வந்தா ஒரு தரம் அடிப்பம். நாள் எண்ணி ஆய்வம். கலண்டர்ல நானே எழுதுறன்."

மகள் என்னைப் பார்த்தாள். சட்டியில் ஏறாது என்று சத்தம் போட்ட வாயால் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது.

"ஓம் எண்டு செல்லு."

பரணில் இரண்டு நுளம்பு வலை. மகளின் வாப்பாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "இஞ்ச வாடியில நுளம்பு என்னத் திங்குது, நீ கத்தரிக்கு வலை கட்டுறியா?" என்றார். கோபம் இல்லை. மகளைப் பற்றி மூன்று தரம் கேட்டார்.

பெப்ரவரி 11, புதன்

வானம் தெளிவு. நேற்றே தடி நட்டு, இரண்டு வலையையும் ஒன்றாகத் தைத்து மேலால் போட்டாகிவிட்டது. மிச்சம் அடிக்கட்டு மட்டும். அதை மருமகன் கடைக்குப் போக முன் கட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முன் கடைசியாக ஒரு தரம் புழுப் பார்ப்போம் என்று ஏழரைக்கு வலைக்குள் நுழைந்து குந்தினேன். வெள்ளை வலை, வெள்ளை முக்காடு. மருமகன் வந்தார், வழக்கம்போல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டி, சுற்றிவர மணல் மூட்டை அடுக்கினார். செருமுவோமா என்று யோசித்தேன். யோசித்து முடிய மோட்டார் சைக்கிள் போய்விட்டது.

வலையைக் கிழிக்க மனம் வரவில்லை. அவ்வளவு ஒழுங்கான முடிச்சு.

ஒன்பதரைக்கு மகள் வந்தாள். பார்த்தாள். வீட்டுக்குள் போய்க் கதிரையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து, வலைக்கு வெளியே இருந்து முழுக்கக் குடித்தாள். பிறகு அவருக்குப் போன் எடுத்து முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று கேட்டாள்.

பத்து மணிக்கு வெளியே வந்தேன். பொறுக்கின புழு ஏழு. நான் இருந்த வரைக்கும் பூச்சி ஒன்றும் உள்ளே வரவில்லை.